மயிலும் மந்தியும் வந்துபோகும் வீட்டில் கோடையைக் கழிப்பது: அடிவாரத்து வீட்டுத்தோட்டக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மே மாதம் காலை ஐந்தரை மணிக்கு எங்கள் புறவாசல் மதிலில் ஒரு மயில் வந்து இறங்கும். இறங்கிய உடனே பாத்திக்குப் போகாது. கழுத்தை நீட்டி அடுக்களைப் பக்கம் பார்க்கும். விளக்கு எரியவில்லை என்றால் மிளகாய்ப் பாத்தி அதற்கு. எரிந்தால் மதிலோடு நடந்து அடுத்த வீட்டுக்குப் போய்விடும். இவ்வளவு சின்ன விஷயத்தைக் கவனித்துத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று கோடைகள் ஆயின.

எங்கள் வீடு செங்கோட்டைக்கும் குற்றாலத்துக்கும் நடுவில், மலை கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. 12 சென்ட் மனை. ஒரு மா, ஒரு சப்போட்டா, இரண்டு கொய்யா, பப்பாளி, ஒரு வாழைக்கூட்டம், கிணற்றடியில் முருங்கை, மிச்ச இடத்தில் காய்கறிப் பாத்திகள். குடிவந்த முதல் சில வருடங்கள் கோடை முழுக்கக் கம்பும் கையுமாக அலைந்தோம். தகரம் தட்டினோம், வலை கட்டினோம், மாடியில் நின்று கத்தினோம். மாம்பழமும் மிஞ்சவில்லை, விடுமுறையும் மிஞ்சவில்லை. ஊரிலிருந்து வந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு நுங்கு தின்ன நேரமில்லாமல் ஜூன் வந்துவிடும்.

இப்போது அப்படி இல்லை. தோட்டம் முழுவதையும் காப்பது நடக்காத காரியம் என்று ஒப்புக்கொண்ட வருடத்திலிருந்து வீட்டில் அமைதி வந்தது. எதைக் காப்பது, எதை முந்திப் பறிப்பது, எதை விட்டுவிடுவது என்று பங்குனியிலேயே முடிவு செய்துவிட்டால் சித்திரையும் வைகாசியும் நம்முடையவை. அதை வரிசையாகச் சொல்கிறேன். மலையடிவாரத்துக்கு எழுதுவது என்றாலும், மயிலும் அணிலும் வரும் எந்த ஊர்த் தோட்டத்துக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதல் வேலை: வந்தது யார் என்று கண்டுபிடியுங்கள்

பழம் போனதும் பலரும் குரங்கைத் திட்டுவார்கள். எங்கள் சப்போட்டாவை இரண்டு வருடம் குரங்கு தின்கிறது என்று நினைத்துப் பகலெல்லாம் காவல் இருந்தோம். தின்றது ராத்திரி வரும் மரநாய். காவல் இருந்த நேரமும் தவறு, கட்டிய வலையின் இடமும் தவறு. அதனால் ஒரு பைசா செலவழிக்கும் முன் ஒரு வாரம் காலையில் தோட்டத்தைச் சுற்றி நடந்து தரையையும் மதிலையும் பாருங்கள். ஒவ்வொன்றும் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் போகும்.

அணில் பழத்தைக் கொம்பிலேயே விட்டு ஒரு பக்கம் துளை போட்டுக் குடையும். துளையின் ஓரத்தில் நெருக்கமான பல்வரி தெரியும். குக்குறுவான், சின்னான் மாதிரிப் பறவைகள் கொத்தினால் பல்வரி இருக்காது, குழிகுழியாக இருக்கும். கிளி வந்த மரத்தின் கீழே பாதி கடித்துப் போட்ட பிஞ்சுகள் நிறையக் கிடக்கும். அது தின்பதைவிடச் சிந்துவது அதிகம்.

வௌவால் பெரும்பாலும் பழத்தைப் பறித்த மரத்தில் தின்னாது. வாயில் கவ்விக்கொண்டு வேறு மரத்துக்குப் போய்த் தொங்கித் தின்னும். அதனால் கொய்யா இல்லாத இடத்தில், நெட்டிலிங்கத்தின் கீழோ வேம்பின் கீழோ, கொய்யாச் சக்கை கிடந்தால் வந்தது வௌவால். சாற்றை உறிஞ்சிவிட்டு நாரை உருட்டித் துப்பியிருக்கும். வெள்ளையடித்த சுவரில் பழுப்பாகத் தெறித்த எச்சமும் இருக்கும்.

மரநாயைக் கண்டுபிடிக்க மதிலின் மேலும் சன்ஷேடின் மேலும் பாருங்கள். விதைகள் முழுசுமுழுசாக இருக்கும் எச்சத்தை அங்கேதான் போடும். சப்போட்டா விதை, பப்பாளி விதை எல்லாம் கழுவி வைத்தது போலத் தெரியும். சில ராத்திரிகளில் மச்சுப் பக்கம் ரம்பை இலை வாசனை, பிரியாணி அரிசி வாசனை மாதிரி ஒன்று வரும். அது மரநாயின் உடம்பு வாசனை. முதல் தடவை என் மாமியார் பக்கத்து வீட்டில் நடுராத்திரியில் சமைக்கிறார்கள் என்றே நினைத்தார்.

மயில் வந்த பாத்தியில் இலைநுனி கிழிந்திருக்கும், தக்காளி குத்துப்பட்டிருக்கும், பச்சைமிளகாய் காம்போடு காணாமல் போயிருக்கும். காய்ந்த மண்ணில் அகலமான கிண்ணம் போல ஒரு பள்ளம் இருந்தால் அது மயில் மண்குளியல் போட்ட இடம். குரங்கு ஒரு கடி கடித்துவிட்டு எறியும், கிளையை ஒடிக்கும். காட்டுப்பன்றி மண்ணை ஏர் உழுத மாதிரி புரட்டியிருக்கும். வாயில் மண் குவித்த வளை பெருச்சாளியுடையது. அதைக் காட்டு விலங்குக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பார்த்ததை ஒரு காலண்டர் தாளில் நேரத்தோடு குறியுங்கள். எங்கள் தெருவின் கணக்கு இது: மயில் ஐந்தரையிலிருந்து ஏழு வரை, மறுபடி சாயங்காலம் நாலரைக்கு மேல். குரங்குக் கூட்டம் ஏழரையிலிருந்து பத்துக்குள். உச்சி வெயிலில் அணிலைத் தவிர ஒருவரும் இல்லை. பொழுது இருட்டி அரை மணி நேரத்தில் வௌவால். பதினொன்றுக்கு மேல் மரநாயும் பன்றியும். உங்கள் ஊரில் நேரம் மாறலாம், ஆனால் ஒழுங்கு ஒன்று இருக்கும். அந்தத் தாள் கையில் வந்துவிட்டால் எப்போது விழித்திருக்க வேண்டும், எப்போது நிம்மதியாகத் தூங்கலாம் என்பது தெரிந்துவிடும்.

பங்கு பிரியுங்கள்

எங்கள் ஆச்சி சோறு வடித்ததும் முதல் உருண்டையைக் காக்காவுக்கு வைக்காமல் யாரையும் சாப்பிட விடமாட்டாள். "ஏட்டி, காக்காவுக்கு வச்சாச்சா?" என்பது அவள் குரலிலேயே இன்னும் காதில் இருக்கிறது. வாசலில் அரிசிமாவுக் கோலம் எறும்புக்கு. அவள் கொடுத்தது அளவாக இருந்தது, அவள் தீர்மானித்த இடத்தில் இருந்தது. தோட்டத்திலும் அப்படித்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

தினசரி சமையலுக்கு வேண்டிய கீரை, மிளகாய், தக்காளி, வெண்டை ஆகியவற்றைக் கூண்டுக்குள் வையுங்கள். மா, சப்போட்டா, பப்பாளி, வாழை எல்லாம் முந்திப் பறிக்க வேண்டியவை. மரத்தின் உச்சிக்கொம்பு, மதிலுக்கு வெளியே சாய்ந்த கிளை, கை எட்டாத கொய்யா இவற்றை விட்டுவிடுங்கள். இரண்டு கொய்யாவில் மலைப்பக்கம் நிற்கும் மரத்தை நாங்கள் முழுக்க விட்டுவிட்டோம். பழம் நிறைந்த ஒரு மரம் எல்லையில் நிற்பதால் அணிலும் சின்னானும் அதிலேயே பெரும்பகுதி நேரத்தைக் கழிக்கின்றன. வீட்டை ஒட்டிய மரத்துக்கு வருவது குறைந்துவிட்டது. ஆனால் ஒன்று, விடுவது என்றால் மரத்தில் விடுவது. கையில் எடுத்துக் கொடுப்பது வேறு, அதைக் குரங்கு பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

பாத்திக்குக் கூண்டு

மயிலை விரட்ட சிடி தட்டு, மினுமினுக்கும் ரிப்பன், பழைய சேலை, வைக்கோல் பொம்மை எல்லாம் கட்டிப் பார்த்தோம். எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் செல்லவில்லை. பொம்மையின் தலையிலேயே மயில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். மயிலுக்கு உள்ளே நுழைய முடியாத தடுப்பு ஒன்றுதான் வழி.

கூண்டின் அகலம் 3 அடிக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமிருந்தும் கையை விட்டால் நடு எட்ட வேண்டும். நீளம் 6 அடி, உயரம் 3 அடி போதும். ஒரு இஞ்ச் பிவிசி குழாயில் சட்டம் செய்துகொள்ளுங்கள். ஒட்டாமல் வெறுமனே சொருகினால் கோடை முடிந்ததும் கழற்றி அடுக்கலாம். பக்கவாட்டில் அரை இஞ்ச் சதுரக் கம்பிவலையும் மேலே 50 சதவீத நிழல்வலையும் போடுங்கள். நிழல்வலை மயிலையும் தடுக்கும், கத்திரி வெயிலையும் பாதியாக்கும். மே மாதத்தில் கீரை வாடாமல் இருக்க எப்படியும் நிழல் வேண்டும், ஒரே செலவில் இரண்டு காரியம். அடியில் செங்கல் அடுக்கிக் கம்பியை மண்ணுக்குள் ஒரு சாண் புதைத்தால் பெருச்சாளியும் வராது.

தக்காளி, மிளகாய், வெண்டை, கத்திரி எல்லாம் கூண்டுக்குள்ளேயே பெரும்பாலும் காய்பிடித்துவிடும். பாகல், பூசணி, பீர்க்கு அப்படியல்ல, அவற்றுக்குப் பூச்சி வந்து பூவுக்குப் பூ போக வேண்டும். அவற்றைக் கூண்டுக்கு வெளியே பந்தலில் விடுங்கள். கொடி பந்தல் ஏறியபின் மயில் அவ்வளவாகத் தொடுவதில்லை. முளைவிட்ட முதல் 20 நாளுக்கு ஓட்டைக்கூடையைக் கவிழ்த்து மேலே ஒரு கல் வைத்தால் போதும்.

தண்ணீர் விடும் நேரத்தையும் மாற்ற வேண்டும். வெயிலுக்குச் சாயங்காலம் விடுவதே நல்லது என்பார்கள். ஆனால் பன்றி வரும் இடமானால் ராத்திரி முழுக்க ஈரமாக இருக்கும் இளகிய மண் அதற்கு அழைப்பு. அங்கே அதிகாலையில் விட்டு, தென்னை ஓலையும் சருகும் போட்டு மூடிவிடுங்கள்.

வலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்

ஆறு வருடங்களுக்கு முன் கடற்கரைப் பக்கமிருந்து பழைய மீன்வலை வாங்கிவந்து மதிலோரம் முழுக்கக் கட்டினோம். மலிவு, நீளம், எல்லோரும் கட்டுகிறார்கள். பத்தாவது நாள் காலையில் அதன் அடியில் ஒரு சாரைப்பாம்பு. கழுத்துக்குக் கீழே நாலு இடத்தில் நூல் செதிலுக்குள் இறங்கியிருந்தது. முன்னால் போகத்தான் அதற்குத் தெரியும், போகப்போக இறுகியிருக்கிறது. வனத்துறைக்குச் சொல்லி ஆள் வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. உயிர் போய்விட்டது. எங்கள் தோட்டத்து எலியையும் பெருச்சாளியையும் சம்பளம் வாங்காமல் பிடித்துக்கொண்டிருந்தது அதுதான். நான் கட்டிய வலையில் செத்தது. அன்றைக்கே வலையை அறுத்துச் சாக்கில் கட்டினேன், மறுபடி அந்த வகை வலை வீட்டுக்குள் வரவில்லை.

நைலான் வலையின் கண் பெரிதாக இருந்து நூல் மெலிதாக இருந்தால் அது பொறி. பாம்பு, ஓணான், வௌவால், சின்னான் எல்லாம் மாட்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2021 செப்டம்பரிலிருந்து வீட்டுப் பழமரத்துக்குப் போடும் வலையின் கண், இழுத்துப் பிடித்தாலும் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. நைலான் வலை வாங்கும்போது உங்கள் சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள். நுழைந்தால் அந்த வலை வேண்டாம். கொசுவலைத் துணி, நிழல்வலை, விறைப்பான கம்பிவலை இவை பாதுகாப்பானவை. தரையில் தளர்ந்து கிடக்கும்படி எதையும் விடாதீர்கள். வெள்ளை நிறமாக இருந்தால் ராத்திரியிலும் வௌவாலுக்குத் தெரியும்.

பாம்பு மாட்டிவிட்டால் நீங்களே இழுக்க வேண்டாம். நிழல் கிடைக்கும்படி ஓலையைச் சாய்த்து வைத்துவிட்டு, தள்ளி நின்று வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ போன் செய்யுங்கள். சாரை என்று உங்களுக்குத் தோன்றுவது நல்லபாம்பாகவும் இருக்கலாம்.

மரத்தில் பழுக்க விடாதீர்கள்

இந்த ஒரு பழக்கம் எங்கள் வீட்டுக் கோடையை மாற்றியது. பறவையும் அணிலும் வௌவாலும் தேடுவது கனிந்த பழத்தை. முற்றிய காயைப் பறித்து வீட்டுக்குள் பழுக்கவைத்தால் போட்டியே இல்லை. ஆனால் முற்றியதா என்று தெரிய வேண்டும், இல்லையென்றால் வெம்பிப்போகும்.

மாங்காய்க்குக் காம்பைச் சுற்றிய தோள் மேடிட வேண்டும், காம்பு ஒரு பள்ளத்துக்குள் உட்கார்ந்த மாதிரி தெரிய வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒன்றைப் பறித்து வாளித் தண்ணீரில் போடுங்கள். முற்றியது முங்கும், இளசு மிதக்கும். மரத்திலிருந்து தானாக ஒன்றிரண்டு பழுத்து விழ ஆரம்பித்தால் அந்த வாரமே மொத்தத்தையும் இறக்கிவிடலாம். இரண்டு விரற்கடைக் காம்போடு வெட்டுங்கள். பிறகு காம்பை ஒடித்துத் தலைகீழாகப் பிடித்துப் பால் வடிய விடுங்கள், பால் பட்ட இடம் கருத்து அழுகும். குச்சில் என்னும் சின்ன அறையில் வைக்கோல் பரப்பி ஒரே அடுக்காக வைத்தால் ஐந்தாறு நாளில் வீடே மணக்கும். அந்த மணத்தில் மத்தியானம் தூங்குவதற்கு ஈடு இல்லை.

சப்போட்டா மரத்திலேயே கனியும் என்று காத்திருப்பது மரநாய்க்காகக் காத்திருப்பது. தோலில் நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் இன்னும் நாள் இருக்கிறது. மஞ்சளாகத் தெரிந்து, மேலே இருக்கும் தவிட்டுப்பொடி கையோடு உதிர்ந்தால் பறித்துவிடலாம். பப்பாளியில் முதல் மஞ்சள் கோடு விழுந்த அன்றே பறியுங்கள். வாழைக்காயில் பட்டை மறைந்து உருண்டையானதும் தார் வெட்டிவிடுங்கள்.

கொய்யாவுக்குப் பை கட்டுவதே நல்லது. எலுமிச்சை அளவு வந்ததும் பழைய வேட்டித் துணியில் தைத்த சின்னப் பையை மாட்டிக் காம்பில் கட்டுங்கள். பழஈ முட்டையிடுவதும் அதோடு நின்றுவிடும், வெட்டினால் புழு இருக்காது. நாங்கள் 40 பை தைத்து வைத்திருக்கிறோம். அந்த நாற்பதுதான் எங்கள் கொய்யா, மற்றதைக் கணக்கில் எடுப்பதில்லை. பலாவுக்கு ஈரமில்லாத சாக்கு.

ஒரு எச்சரிக்கை. கடிபட்ட பழத்தை, கடித்த பக்கத்தை வெட்டிவிட்டுத் தின்னும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அணில் கடித்த பழம் இனிக்கும் என்றும் சொல்வோம். இதை விட்டுவிடுங்கள். 2018-இல் மலைக்கு அந்தப் பக்கம் கோழிக்கோட்டில் நிபா வந்தது. அந்தக் கிருமியின் இயற்கை இருப்பிடம் பழந்தின்னி வௌவால். கடித்தது அணிலா வௌவாலா என்று ஒவ்வொரு தடவையும் நம்மால் சொல்ல முடியாது. கடிபட்டது எதுவானாலும் மண்ணில் புதையுங்கள், நல்ல பழத்தையும் கழுவித் தோல் சீவித் தின்னுங்கள்.

தண்ணீர்

கோடையில் மலை ஓடைகள் சுருங்கும்போது பாதிப்பேர் வருவது பசிக்கு அல்ல, தாகத்துக்கு. தக்காளியைக் குத்திவிட்டுத் தின்னாமல் போகும் பறவைக்கு வேண்டியது அதன் சாறு. வாயகன்ற மண்சட்டியில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கல்லை வைத்து, பாத்தியிலிருந்து நல்ல தூரத்தில் மரநிழலில் வையுங்கள். பூனை பதுங்கப் புதர் இல்லாத இடமாக இருக்கட்டும். தினமும் கவிழ்த்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிவிட்டு ஊற்ற வேண்டும், இல்லையென்றால் கொசு வளர்க்கிறோம் என்று அர்த்தம். சட்டி வைத்த இரண்டாவது வாரத்திலேயே தக்காளியில் குத்து குறைந்ததை நான் பார்த்தேன்.

குரங்கு

இங்கே மட்டும் விட்டுக்கொடுப்பது கிடையாது. குற்றாலத்தில் சீசனுக்கு வருகிறவர்கள் சிப்ஸும் வாழைப்பழமும் கொடுத்துக் கொடுத்து, மனிதன் கையில் பை இருந்தால் அதில் தீனி இருக்கும் என்று அவற்றுக்குப் பழகிவிட்டது. அருவி வற்றிக் கூட்டம் இல்லாத நாட்களில் அந்தப் பசி தெருவுக்குள் வருகிறது. தவறு குரங்கினுடையது அல்ல என்பதாலேயே நாம் அதை மேலும் வளர்க்கக் கூடாது. ஒரு பிஸ்கட் கூடக் கையால் கொடுக்காதீர்கள், பாவம் பார்த்துத் தட்டில் வைக்காதீர்கள். தெருவில் ஒரு வீடு கொடுத்தால் பத்து வீட்டுக்கும் தொல்லை, அதனால் தெருக்காரர்களிடம் பேசித்தான் ஆக வேண்டும்.

ஏழரைக்கு முன் குப்பைவாளியை உள்ளே எடுத்துவிடுங்கள். அடுக்களை ஜன்னலுக்கு உள்பக்கமாகக் கம்பிவலை அடியுங்கள். மாடித்தொட்டிக்கு மூடியைக் கம்பியால் கட்டுங்கள். பூஜை அறையில் வாழைப்பழம் வெளியில் தெரியக் கூடாது. சுவரை ஒட்டிச் சாயும் கிளையை ஆறடி தள்ளி வெட்டினால் பாதி வழி அடைபடும்.

கூட்டம் முற்றத்தில் இறங்கிவிட்டால் கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள், பல் தெரியச் சிரிக்காதீர்கள். இரண்டும் அதன் பாஷையில் சண்டைக்குக் கூப்பிடுவது. கையில் இருப்பதைக் கெட்டியாகப் பிடித்து இழுக்காமல் கீழே போட்டுவிடுங்கள். முதுகு காட்டி ஓடாமல் பின்பக்கமாக நடந்து கதவைச் சாத்துங்கள். குட்டி வைத்திருக்கும் தாயின் பக்கம் பிள்ளைகளைப் போக விடாதீர்கள். கடியோ பிறாண்டலோ பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் தடவ வேண்டாம். வெறிநோய்த் தடுப்பூசி அங்கே இலவசம், சொன்ன நாட்களில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும்.

மாடியில் வத்தல்

கோடையின் பெரிய சந்தோஷம் எங்களுக்கு இதுதான். முந்தின ராத்திரியே அரிசிக் கூழ் கிண்டி, உப்பும் சீரகமும் பச்சைமிளகாய் அரைப்பும் போட்டு வைத்துவிடுவோம். காலை ஆறு மணிக்கு மைனிமார் எல்லோரும் மாடி ஏறிவிடுவோம். ஈர வேட்டியை விரித்து, ஒருத்தி பிழிய ஒருத்தி கரண்டியால் ஊற்ற, பிள்ளைகள் ஓரத்தில் உட்கார்ந்து கூழைத் தின்ன, எட்டு மணிக்குள் முடித்தாக வேண்டும். அணிலும் காக்காவும் ஏழு மணிக்கே தென்னை மட்டையில் தயாராக இருக்கும். குரங்கு வருவதும் அந்த நேரத்தில்தான்.

எங்கள் உபாயம் பழைய இரும்புக் கட்டில். அதைக் கால்கள் மேலே இருக்கும்படி கவிழ்த்துப் போட்டு, பலகை விரித்து வேட்டியைப் போட்டு வத்தலைப் பிழிகிறோம். நாலு காலின் மேல் கொசுவலையைப் போர்த்திச் சுற்றி இறுகக் கட்டுகிறோம். காற்றும் வெயிலும் போகும், அலகு எட்டாது. இன்னொரு கட்டிலில் மோர்மிளகாய், ஓரத்தில் சுண்டவத்தல். மிளகாயை யாரும் தொடுவதில்லை, ஆனால் தயிர் வாசனைக்கு எறும்பு வரும்; சுற்றிலும் மஞ்சள்பொடி தூவுவோம். பக்கத்தில் கறுப்புக் குடையை விரித்து வைப்பது ஆச்சி காலத்து வழக்கம். காக்கா முதல் நாள் அதற்குப் பயப்படும், மூன்றாம் நாள் அதன் நிழலில் நிற்கும். ஆனால் குடை காவல் இருப்பவருக்கு நிழலாகும் என்பதால் நான் இன்னும் விரிக்கிறேன்.

காவலுக்குப் பிள்ளைகளை வையுங்கள். செல்போன் இல்லாமல் இரண்டு மணி நேரம் குடைக்குக் கீழே உட்கார்ந்த பிள்ளைக்குக் குயிலில் ஆண் எது பெண் எது, தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கத்தினால் கீழே பாம்போ பூனையோ போகிறது என்பதெல்லாம் ஒரே கோடையில் தெரிந்துவிடுகிறது. தினைப்புனத்தில் பரண் மேல் உட்கார்ந்து ஆலோலம் பாடிய வள்ளிக்குக் காவலே விளையாட்டாகவும் இருந்தது. என் மகள் அந்தக் கதையைக் கேட்டபின் காக்காவை விரட்டுவது "ஆலோலம்" என்ற கூச்சலோடுதான்.

ராத்திரி

மரநாய் ஓட்டுவீட்டு மச்சில் குட்டி போட்டிருந்தால் அவசரப்பட்டு வழியை அடைக்காதீர்கள், குட்டி உள்ளே செத்துப்போகும். குட்டி பெரிதாகித் தாயோடு வெளியே போகும்வரை பொறுத்து, ராத்திரி அவை இரைதேடப் போன நேரத்தில் ஓட்டையை அடையுங்கள். பழக்குலை தொங்கும் மரத்தண்டில் ஆளுயரத்துக்கு வழுக்கும் தகரத்தைச் சுற்றினால் ஏற முடியாது, பக்கத்து மரக்கிளை தொடாமல் இருந்தால்.

பன்றி வரும் பக்கம் எலுமிச்சையோ கள்ளியோ முள்வேலியாக நெருக்கி நடுவதுதான் நிற்கிறது, ஆனால் மூன்று வருடம் பிடிக்கும். அதுவரை மரவள்ளியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் நடாமல் இருங்கள். ராத்திரி உறுமல் கேட்டால் டார்ச்சோடு வெளியே போக வேண்டாம். மாடியிலிருந்து விளக்கைப் போட்டுக் குரல் கொடுத்தால் போதும்.

எக்காரணத்தாலும் செய்யக் கூடாதவை

வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் விடுவது கொலை. பன்றிக்கு வைத்த கம்பியில் மனிதர் செத்த செய்தி வராத வருடமே இல்லை. சூரியசக்தி வேலியானாலும் இஷ்டத்துக்குப் போட முடியாது. தமிழ்நாட்டில் 2023-இல் வந்த விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும். தீனிக்குள் வெடி வைக்கும் அவுட்டுக்காய் யானைக்குட்டியின் வாயையும் மாட்டின் வாயையும் சேர்த்துக் கிழிக்கிறது. விஷம் வைத்த அரிசி மயிலோடு நிற்காது. செத்ததைத் தின்னும் நாய், கீரி, பருந்து வரை போகும்.

மயில் 1963 முதல் தேசியப் பறவை, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. அதைப் பிடிப்பதும் முட்டையை எடுப்பதும் சிறைக்குப் போகும் குற்றம். பழந்தின்னி வௌவாலை முன்பு அந்தச் சட்டமே காக்கா, எலியோடு சேர்த்துத் தொல்லை உயிரிகளின் பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலே போய்விட்டது. இலுப்பையும் அத்தியும் ஊர் ஊராகப் பரவியது வௌவால் போட்ட விதையால், அந்த நியாயம் தாமதமாகவாவது கிடைத்திருக்கிறது. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் வேட்டங்குடிக் கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி போடுவதில்லை. பறவையை விரட்டப் பட்டாசு வாங்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் ஞாபகம் வந்து, பிறகு வாங்குவதையே நிறுத்திவிட்டேன்.

உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

இவ்வளவும் செய்து முடித்தபின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். ஐந்தேகாலுக்கு அடுக்களை விளக்கு. மயில் மதிலோடு போய்விடும். ஆறு மணிக்குள் தண்ணீர் விட்டு, பறிக்க வேண்டியதைப் பறித்துவிடுகிறோம். குரங்கு வரும் நேரத்தில் எல்லோரும் உள்ளே சாப்பாட்டில். வெயில் ஏறியதும் தார்சாவில், அதாவது முன்கூடத்தில், ஈரத் துண்டை ஜன்னலில் தொங்கவிட்டு, நுங்கு சீவி, கிடைத்த நாளில் பதநீரை ஓலைப்பட்டையில் ஊற்றி மாங்காய்த் துண்டு போட்டுக் குடிக்கிறோம். பிறகு வைக்கோல் வாசனையில் தூக்கம்.

நாலரைக்கு ஆரியங்காவுக் கணவாய்க் காற்று திரும்பும். அப்போது திண்ணையில் நாற்காலி போட்டுவிடுங்கள். மறுபடி வரும் ஆண்மயில் இப்போது தின்ன வருவதில்லை. விட்டுக்கொடுத்த கொய்யாவுக்குக் கீழே, நாங்கள் வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கும் மண்தரையில் தோகையை விரிக்கும். கால்மணி நேரம் கூட ஆடும், சிறகின் சலசலப்பு திண்ணை வரை கேட்கும். இருட்டியதும் தலைக்கு மேல் பெரிய வௌவால்கள் ஒவ்வொன்றாக மலைப்பக்கமிருந்து போகும். சிறகு விரித்தால் நாலு அடிக்கு மேல். பிள்ளைகள் எண்ணுவார்கள். போன மே மாதம் ஒரு ராத்திரி 63 வரை எண்ணிவிட்டுத் தூங்கிப்போனார்கள்.

ஜூன் முதல் வாரத்தில் சாரல் இறங்கும். முதல் சாரல் விழுந்த அன்றே நிழல்வலையைக் கழற்றிவிடுங்கள், ஈரத்தில் கிடந்தால் கீரைக்கு வெயில் போதாது, நத்தை ஒட்டும். குழாய்களைக் கழுவி எண் எழுதி அடுக்குங்கள். கொய்யாப் பைகளைத் துவைத்துக் காயவைத்து எண்ணிப் பாருங்கள், கிழிந்ததை அப்போதே தைத்துவிட்டால் அடுத்த பங்குனியில் தேட வேண்டாம். மண்சட்டியை மட்டும் எடுக்காதீர்கள்.